மல்லிகைப் பூவைப் படம் எடுப்பது எப்படி?



பூ கட்டி விற்கும் நம் உறுப்பினர்கள் பலர் இப்போது மாலையைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பித்தான் ஆர்டர் பிடிக்கிறோம். போன தை மாதம் எங்கள் குழுவுக்கு ஒரு கல்யாண ஆர்டர் வரவேண்டியது. பத்து மாலை. படம் அனுப்பினோம். "என்னக்கா, சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கு, பழைய பூவா?" என்று கேட்டுவிட்டு வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அன்று விடியற்காலையில் பறித்த மொட்டு அது! பூவில் குறை இல்லை, படத்தில்தான் குறை.

அதன்பிறகு கூட்டமைப்பு அலுவலகத்துக் கேமராவையும் என் செல்போனையும் வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். நானும் இதில் புதுசுதான். தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே விஷயம்.

ஒன்று: வெளிச்ச அளவு

குழாயடியில் குடம் பிடிக்கிறோம். குழாயை நிறையத் திறந்தால் சீக்கிரம் நிரம்பும். கொஞ்சமாகத் திறந்தால் நேரமாகும். நிரம்பின பிறகும் விட்டால் வழிந்து வீணாகும். கேமராவும் அப்படித்தான். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம்தான் குழாய். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் ஷட்டர் வேகம். வெளிச்சம் வழிந்தால் இதழின் மடிப்பெல்லாம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிடும். அப்படி அழிந்ததைப் பிறகு திருத்தி எடுக்க முடியாது.

எங்கள் படத்தில் ஏன் வழிந்தது? மாலையைக் கரும்பச்சை வாழையிலையில் வைத்து, தூரத்தில் நின்று எடுத்திருந்தோம். கேமராவுக்குப் பூ எது, இலை எது என்று தெரியாது. மொத்தத்தையும் பார்த்து நடுத்தரமான வெளிச்சம் வைக்கும். இலை நிறைய, பூ கொஞ்சம் என்றதும், "இருட்டா இருக்கே" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. பூ வெளிறிப் போனது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். படம் முழுக்க மல்லியே நிறைந்திருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். வெள்ளைப் பூ சாம்பல் பூத்த மாதிரி வரும்.

ஆகவே, சுற்றிலும் கருப்பாக இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கூட்டுங்கள். பெரும்பாலான செல்போனில் பூவின் மேல் விரலால் தொட்டால் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்தால் குறையும், மேலே தள்ளினால் கூடும். கேமராவில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். மைனஸ் 1 என்றால் வெளிச்சம் பாதி. பிளஸ் 1 என்றால் இரண்டு மடங்கு.

இரண்டு: தெளிவின் ஆழம்

கிட்டத்தில் போய் எடுத்தால் முன்னால் இருக்கும் நாலு மொட்டு பளிச்சென்று தெரியும், பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிப் போகும். முன்னிலிருந்து பின்வரை எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறதோ, அதுதான் தெளிவின் ஆழம்.

ஊசியில் நூல் கோர்க்கும்போது நம்ம வீட்டுப் பெரியவங்க கண்ணைச் சுருக்கிப் பார்ப்பாங்க இல்லையா? கண்ணின் திறப்பு சிறிதானால் கலங்கல் குறையும். லென்ஸுக்கும் அதே கணக்கு. துவாரம் சிறிதானால் தெளிவின் ஆழம் கூடும்.

துவாரத்தின் அளவை எஃப் எண் என்கிறார்கள். எண் கூடினால் துவாரம் சிறிது. எஃப் 2.8 பெரிய துவாரம், எஃப் 8 சிறிய துவாரம். ஒற்றை ரோஜாவை மட்டும் எடுப்பாகக் காட்ட 2.8 நல்லது, பின்னால் இருக்கும் செடி, சுவர் எல்லாம் மங்கிவிடும். மாலையின் கட்டு முழுக்கத் தெரிய 8 நல்லது.

ஆனால் ஒன்று கிடைத்தால் ஒன்று போகும். எஃப் 4-லிருந்து எஃப் 8-க்குப் போனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்குதான் வரும். அதை ஈடுகட்ட நாலு மடங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். நொடியில் 400-ல் ஒரு பங்கு போதும் என்றிருந்தது 100-ல் ஒரு பங்காகிவிடும். அதற்குள் காத்தடிச்சு பூ அசைஞ்சா படம் கலங்கிடும். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டியும் சமாளிக்கலாம். ரொம்பக் கூட்டினால் மணல் தூவின மாதிரி புள்ளி விழும். ஒரு துணிப்பையில் அரிசியைக் கட்டி அதன்மேல் கேமராவை வைத்தால் கை நடுக்கமாவது இருக்காது.

"எங்கிட்ட செல்போன்தானே இருக்கு?" என்று கேட்பீர்கள். பெரும்பாலான செல்போனில் துவாரத்தை மாற்ற முடியாது. அதற்கும் வழி உண்டு:

* கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். தள்ளி நின்றால் தெளிவின் ஆழம் கூடும்.
* மாலையைத் தட்டையாக விரித்து, அதற்கு நேர் மேலே போனைச் சாய்க்காமல் பிடியுங்கள். எல்லா மொட்டும் ஒரே தூரத்தில் இருப்பதால் எல்லாமே தெளிவாக விழும்.
* பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை மாலைக்கு வேண்டாம். சில சமயம் இதழின் ஓரத்தையும் சேர்த்து மங்கலாக்கிவிடும்.

வெயிலும் நிழலும்

உச்சி வெயிலில் வெள்ளைப் பூவை எடுக்காதீர்கள். ஒரு பக்கம் வெளிறும், மறு பக்கம் கறுக்கும். காலையில் திண்ணை நிழலே போதும். வெயிலில்தான் எடுக்க வேண்டும் என்றால் இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியைப் பூவுக்கு மேலே விரித்துப் பிடியுங்கள். வெளிச்சம் வடிகட்டி இறங்கும். மல்லி சாயங்காலம் மலர்ந்துவிடும். மொட்டாகக் காட்ட வேண்டுமென்றால் காலையிலேயே எடுத்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வாடின பூவைப் படத்தில் வெளுப்பாக்கி அனுப்பினால் ஒரு தடவைதான் ஆர்டர் வரும். உள்ள பூவை உள்ளபடி காட்டத்தான் இவ்வளவும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரே பூவை மூன்று விதமாக எடுத்து வாருங்கள்: சும்மா ஒன்று, வெளிச்சத்தைக் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நான் எழுதினது அத்தனையும் உங்களுக்கே புரிந்துவிடும். இந்தத் தை மாத முகூர்த்தத்துக்குள் நாம் எல்லோரும் கற்றுக்கொள்வோம்.