முழங்கால் ஜவ்வும் சிறு சஸ்திர சிகிச்சையும்

டோக்கியோவில் ஒரு சிறு துவாரம்

1962-ஆம் ஆண்டு மே மாதத்தில், டோக்கியோ நகரில், கூடைப்பந்து ஆடுகையில் முழங்காலைத் திருகிக்கொண்ட 17 வயது இளைஞன் ஒருவனுக்கு, மசாகி வாட்டனாபே என்னும் வைத்தியர், மூட்டை அகல அறுத்துத் திறக்காமல், சிறு துவாரத்தின் வழியே விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி, உள்ளே கிழிந்து கிடந்த ஜவ்வின் துண்டை மாத்திரம் நறுக்கி எடுத்தார். ஆறு வாரங்களில் அந்தப் பையன் மறுபடியும் பந்தைக் கையில் எடுத்துவிட்டான் என்று வைத்திய சரித்திரம் கூறுகிறது. வாட்டனாபேயின் குருவான கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பையைப் பார்ப்பதற்கென்று இருந்த கருவியைப் பிணமொன்றின் முழங்காலுக்குள் 1918-இல் செலுத்திப் பார்த்ததே இதற்கெல்லாம் வித்து. இன்று தொழில்முறை ஆட்டக்காரர்கள் செய்துகொள்ளும் ‘சின்ன ஆபரேஷன்’ இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

கிழிவது எது?

முழங்காலுக்குள் எது பழுதானாலும் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் ஒன்று; தொடை எலும்புக்கும் கணுக்கால் நோக்கி இறங்கும் எலும்புக்கும் நடுவே, பிறைச் சந்திரனைப் போல் வளைந்து, உடம்பின் பாரத்தைத் தாங்கும் மெத்தையாக அமைந்த மெனிஸ்கஸ் வேறொன்று. எம்பிக் குதித்து இறங்குவதும், ஊன்றிய பாதம் ஊன்றியபடியிருக்க உடம்பு மாத்திரம் சுழல்வதும் கூடைப்பந்தின் இயல்பாகையால், அந்த மெத்தை இரண்டு எலும்புகளுக்கிடையே நசுங்கிக் கிழிகிறது.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மெனிஸ்கஸின் வெளி ஓரத்தில்தான் இரத்த ஓட்டம் இருக்கிறது. உள் ஓரத்தில் இல்லை. செராமிக் வேலை தெரிந்த விருத்தாசலத்தாருக்கு இதை விளக்குவது சுலபம்: ஈரம் காயாத பச்சைப் பாண்டத்தில் விழுந்த கீறலைக் களிமண் குழம்பு தடவி ஒட்டிவிடலாம், சூளையில் வெந்து வந்த பீங்கானில் விழுந்த விரிசல் அப்படிக் கூடாது. இரத்தம் பாயும் ஓரத்துக் கிழிசலைத் தைத்தால் ஒட்டும். உட்புறத்துக் கிழிசலை நறுக்கி எடுப்பதே பெரும்பாலும் வழி.

தைப்பதா, நறுக்குவதா?

2011-இல் தமது 22-ஆம் வயதில் அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்ற டெரிக் ரோஸுக்கு, 2013 நவம்பரில் வலது முழங்காலின் உட்பக்க மெனிஸ்கஸ் கிழிந்தபோது அதைத் தைத்தார்கள். அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்களில் அவர் ஆடவில்லை. அதே மெனிஸ்கஸ் 2015 பிப்ரவரியில் மீண்டும் கிழிந்தபோது கிழிந்த பகுதியை நறுக்கி எடுத்தார்கள். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே ஆட வந்துவிட்டார். இதைக் கேட்டதும், நறுக்குவதே உத்தமம் என்று ரசிகர்களுக்குத் தோன்றும். ஆனால் எடுத்த மெத்தை திரும்ப முளைப்பதில்லை. அது குறையக் குறைய எலும்புகளின் வழவழப்பான மேற்பூச்சு பாரத்தை நேரே ஏற்றுத் தேய்கிறது. கல்லூரி நாட்களிலேயே இடது முழங்கால் மெனிஸ்கஸை எடுத்துவிட நேர்ந்த டுவைன் வேட் என்னும் கூடைப்பந்து ஆட்டக்காரர், பிற்காலத்தில் முழங்காலைக் காப்பதற்காகவே பல ஆட்டங்களில் ஓய்ந்திருக்க வேண்டியதாயிற்று. தைத்த பின் நாற்காலியில் காத்திருக்கும் ஆறு மாத காலம் வீரருக்கும் சங்கத்துக்கும் கசப்பானதாயினும், தைக்க முடிந்த கிழிசலைத் தைத்துவிடுவதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

வீடு திரும்பிய பின்

சிகிச்சை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகிறார்கள். அதற்கு மேல்தான் உண்மையான உழைப்பு ஆரம்பம். வலியும் வீக்கமும் தொடையின் முன்புறத் தசையைச் சில நாட்களிலேயே சோரச் செய்துவிடுமாதலால், படுத்தபடியே காலை நீட்டித் தசையை இறுக்குவதும், மடக்காத காலை மெல்ல உயர்த்துவதும் முதல் நாளிலிருந்தே செய்யத்தக்கவை. நறுக்கி எடுத்தவர்கள் சில நாட்களில் நடப்பார்கள். தைத்துக்கொண்டவர்களுக்குச் சுமார் ஆறு வாரங்கள் ஊன்றுகோலும், முழங்காலை 90 பாகைக்கு மேல் மடக்காத கட்டுப்பாடும் உண்டு. குந்துவதற்கு நான்கு மாதங்களேனும் பொறுக்க வேண்டும். காய்ச்சலோ, துவாரத்தில் சீழோ, கெண்டைக்காலில் புதிய வலியும் வீக்கமுமோ கண்டால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். கெண்டைக்கால் வலி இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

நமது பட்டறைகளில்

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் அச்சில் குழம்பு ஊற்றியும், பொம்மைக்கு வர்ணம் தீட்டியும், பல ஆண்டுகள் குந்தியே வேலை செய்து, நாற்பதைக் கடந்த வயதில் முழங்கால் நோவோடு வருகிறவரின் ஸ்கேனிலும் மெனிஸ்கஸ் கிழிந்திருப்பதாகத் தெரியலாம். ஆனால் அது திருகிக் கிழிந்ததன்று, நைந்து கிழிந்தது. இத்தகைய நோயாளிகள் 146 பேரைப் பின்லாந்து வைத்தியர்கள் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஜவ்வை நறுக்கியும், மற்றவர்களுக்கு உள்ளே பார்த்ததோடு நறுக்குவதுபோல் பாவனை மாத்திரம் செய்தும், ஓராண்டு கழித்து ஒப்பிட்டதில் குறிப்பிடத்தக்க பேதம் காணவில்லை என்று 2013-இல் வெளியிட்டார்கள். ஆகையால் முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாத நிலை இருந்தாலொழிய, இவர்கள் கத்தியை நாடுமுன் தொடைத் தசைப் பயிற்சியைச் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்துபார்ப்பதே முறை. பட்டறை உரிமையாளர்களும், குந்தி வேலை செய்வோருக்கு உட்காரப் பலகையும், அதற்கேற்ற உயரத்தில் மேஜையும் போட்டுக்கொடுக்க முன்வர வேண்டும்.