கணினியில் வேண்டாத சரக்கு

புதிய கணினியை வாங்கித் திறந்தவுடனே, நாம் கேளாத பல மென்பொருள்கள் அதில் குடிகொண்டிருப்பதைக் காண்கிறோம். சில நாட்கள் இலவசமாக உழைத்துப் பின்னர்ச் சந்தா கேட்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளும், விளையாட்டுகளும், விளம்பரங்களும் அவற்றுட் சில. மென்பொருள் நிறுவனங்கள் உற்பத்தியாளருக்குப் பணம் கொடுத்து இவற்றை ஏற்றுவிக்கின்றன. தறியை விலைக்கு வாங்கியவர் அதில் பிறர் பாவு ஏற்றியிருப்பதைப் பொறுப்பாரா? கணினியில் மட்டும் நாம் பொறுத்துக்கொள்கிறோம்.

இஃது வெறுந் தொல்லை மட்டுமன்று. 2014-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் தன் மடிக்கணினிகள் சிலவற்றில் 'சூப்பர்ஃபிஷ்' என்னும் விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றது. பாதுகாப்பான இணையத் தொடர்பினுள்ளும் புகுந்து விளம்பரம் செருகுவதற்காக, அது கணினியில் ஒரு சான்றிதழைப் பதித்தது. அச்சான்றிதழின் இரகசியச் சாவி எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தது. அச்சாவியை அறிந்த எவரும் போலியான வங்கித் தளத்தை மெய்யானதெனக் காட்டிவிடலாம். 2015 பிப்ரவரியில் இச்செய்தி வெளியாயிற்று. மென்பொருளை மட்டும் நீக்கியபோது சான்றிதழ் உள்ளேயே தங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 2017 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துடன் அந்நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

ஆகவே, சங்கக் கணக்கையும் உறுப்பினர் விவரங்களையும் ஏற்றுமுன், இயங்குதளத்தையே புதிதாக நிறுவிக்கொள்ளுதல் நன்று. உற்பத்தியாளர் கணினியிலேயே வைத்துள்ள மீட்புப் பிரதியைப் பயன்படுத்தினால், பல கணினிகளில் அதே வேண்டாத சரக்கு மீண்டும் வந்து சேரும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தளத்தில் விலையின்றிக் கிடைக்கும் விண்டோஸ் பிரதியையே கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றமையால், விண்டோஸ் 11-ஐத் தேர்வது பொருந்தும்.

ஏற்கெனவே வேலை நடக்கும் கணினியாயின், முதற்கண் எல்லாக் கோப்புகளையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அந்நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். கணக்கு மென்பொருளின் உரிம எண்ணைக் குறித்து வைக்க. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட தீர்மானங்கள் இருந்தால், அவ்வெழுத்துருக்களையும் சேமிக்க. அவையின்றி அவ்வெழுத்துக்களைப் படிக்க இயலாது. பணம் கொடுத்து வாங்கிய ஆபீஸ் மென்பொருள் எந்த மின்னஞ்சல் கணக்கில் பதிவாகியுள்ளது என்பதையும் அறிந்துகொள்க. வைஃபைக்கான டிரைவரை உற்பத்தியாளர் தளத்திலிருந்து எடுத்துத் தனியே வைத்தால், நிறுவும் வேளையில் இணையமின்றித் தவிக்க நேராது.

பின்னர், குறைந்தது 8 ஜிபி கொள்ளும் பென் டிரைவில் மைக்ரோசாப்டின் நிறுவற் கருவியைக் கொண்டு பிரதியை ஏற்றுக. அதில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும். கணினியைப் பென் டிரைவிலிருந்து தொடங்கச் செய்யும் விசை, உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் வேறுபடும், கையேட்டில் காண்க. நிறுவும்போது வட்டின் பழைய பிரிவுகளை நீக்கினால் அனைத்தும் போய்விடும். எனவே நகல் சரியாக உள்ளது என்ற உறுதி பெற்ற பின்னரே இதைச் செய்க. இரு வட்டுகள் உள்ள கணினியில் எவ்வட்டு என்பதையும் நன்கு நோக்குக.

உரிமம் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. விண்டோஸ் 8 வெளிவந்த 2012-ஆம் ஆண்டு முதல், விண்டோஸுடன் விற்கப்படும் பெரும்பாலான கணினிகளின் தாய்ப்பலகையிலேயே உரிமச் சாவி பொதிந்துள்ளது. முன்பிருந்த அதே வகையை, ஹோம் எனில் ஹோம், புரோ எனில் புரோ என நிறுவினால், இணையம் கிடைத்ததும் உரிமம் தானே உறுதியாகும்.

நிறுவிய பின் புதுப்பித்தல்களை முடித்து, கோப்புகளைத் திரும்ப ஏற்றுக. சந்தா கேட்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள் இல்லையே என்ற கவலை வேண்டா. விண்டோஸுடனேயே 'டிஃபெண்டர்' என்னும் காப்பு வருகிறது. மைக்ரோசாப்ட் தானே சேர்த்துள்ள சில செயலிகள் அப்போதும் தென்படும்; வேண்டாதவற்றை அமைப்புப் பகுதியில் நீக்கலாம்.

ஒரு பகற்பொழுதில் முடியும் இவ்வேலையை, கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் மட்டும் வைத்துக்கொள்ளாதிருத்தல் நலம். அடுத்துக் கணினி வாங்கும் சங்கங்கள், கொள்முதல் ஆணையிலேயே சோதனைக்கால மென்பொருள் எதுவும் கூடாது என்று எழுதிக் கேட்குமாறு வேண்டுகிறோம்.