எங்கே போச்சு கனோலா விதை?

கடுகை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், கெட்டிக்காரர்கள் ஆயிற்றே! அந்தக் கடுகுக்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. பெயர் கனோலா. விதையைப் பிழிந்தால் சமையல் எண்ணெய் கிடைக்கும். கனடாவின் சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா, மானிடோபா மாகாணங்களில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கனோலா வயல்கள்தான்.

விதை ரொம்பச் சின்னது. ஆயிரம் விதையை நிறுத்தால் ஏறக்குறைய 4 கிராம்தான் வரும். இதைச் சிந்தாமல் அறுக்க வேண்டுமே!

ஒரு காயைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுவில் தாள் போன்ற மெல்லிய தடுப்பு. இரண்டு பக்கமும் இரண்டு மூடிகள். மூடிகளின் ஓரத்தில் வலுவில்லாத ஒரு கோடு ஓடுகிறது. காய் காயக் காய அந்தக் கோடு இற்றுப்போகும். காற்று அடித்தாலோ, பக்கத்துச் செடி உரசினாலோ காய் பட்டென்று வெடிக்கும். விதை மண்ணில்! பரவ நினைக்கும் செடிக்கு இது நல்லதுதான். நஷ்டம் விவசாயிக்கு. புரிகிறதா?

அதனால் சிலர் காய் நன்றாகக் காயும்வரை காத்திருப்பதில்லை. நடுத்தண்டில் உள்ள விதைகளில் 60 சதவீதம் அளவுக்கு நிறம் மாறியதுமே செடியை வெட்டி, வரிசையாகப் போட்டு உலர்த்துகிறார்கள். எளிதில் வெடிக்காத புது ரகங்களும் வந்துவிட்டன. அவற்றை நின்றபடியே முற்றவிட்டு அறுக்கலாம்.

அடுத்த இடைஞ்சல், அறுவடை இயந்திரத்துக்குள்ளே. அதில் ஒரு விசிறியும் சல்லடைகளும் உண்டு. பாட்டி முறத்தில் புடைக்கிற அதே வேலைதான். காற்று கூடினால் உமியோடு விதையும் பறந்துவிடும். வண்டியை வேகமாக ஓட்டினால் சல்லடைமேல் சக்கை தடித்துக் கிடக்கும். விதை கீழே இறங்க வழியிருக்காது.

எவ்வளவு போகிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஒரு தட்டு இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த வேலையில் மிக அழகான கருவி அதுதான். வண்டியின் அடியில் காந்தத்தால் ஒட்டி வைப்பார்கள். வண்டி ஓடும்போது பொத்தானை அழுத்தினால் தட்டு தரையில் விழும். முன்பக்கம் ஏற்கெனவே சிந்தியவை தட்டுக்கு அடியில் போய்விடும். பின்பக்கம் கொட்டுவது மட்டும் தட்டில் சேரும். சக்கையைச் சலித்து விதையை நிறுத்துப் பார்ப்பார்கள்.

இப்போது பென்சிலை எடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் விதை சிந்தினால் 4 கிராம். ஒரு ஹெக்டேருக்கு 10,000 சதுர மீட்டர். எத்தனை கிலோ? சபாஷ், 40 கிலோ! அதே ஒரு ஹெக்டேரில் விதைப்பதற்கு 5 கிலோ அளவு போதும். பார்த்தீர்களா, எவ்வளவு இழப்பு! சிந்திய விதை சும்மாவும் இருக்காது. அடுத்த வருஷம் கோதுமைக்கு நடுவே களையாக முளைக்கும்.

தட்டில் விதை அதிகமா? வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, மறுபடி தட்டைப் போடுவார்கள். பிறகுதான் விசிறியில் கைவைப்பார்கள். இரண்டையும் ஒரேயடியாக மாற்றினால் எதனால் பலன் கிடைத்தது என்று தெரியாதே! வெயில் ஏறி உச்சிவேளையில் காய்கள் மொறுமொறுவென்று ஆனதும், காலையில் செய்த அமைப்பு ஒத்துவராது. அப்போது இன்னொரு முறை தட்டு விழும்.