சின்னமுத்துக் கண்ட பிள்ளை



சில ஆண்டுகளுக்கு முன்னர், இரண்டாம் வகுப்பிற் படித்த சிறுவன் ஒருவனைக் கவனமில்லாதவன் என்று நானே பலமுறை கடிந்திருக்கிறேன். மூன்று வயதிற் சின்னமுத்துக் கண்டபோது அவனுக்குக் காதிற் சீழ் வடிந்ததென்றும், தானாக மாறுமென்று விட்டுவிட்டோமென்றும் அவனுடைய அம்மம்மா ஒருநாள் கூறினார். பிள்ளைக்குக் காது மந்தம் என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த வருத்தமே இன்று என்னைப் பேசத் தூண்டியது.

சின்னமுத்து ஒரு வைரசுக் கிருமியால் உண்டாவது. இருமலாலும் தும்மலாலும் காற்றிற் பரவுவது. முதலிற் காய்ச்சலும் இருமலும் மூக்கொழுகலும் காணும், கண் சிவக்கும். மூன்று நான்கு நாட்களின் பின் காதின் பின்புறத்திலும் முகத்திலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றி, உடலெங்கும் இறங்கும். அவை தோன்றுவதற்கு 4 நாள் முன்னும், தோன்றி 4 நாள் பின்னும் நோய் பிறருக்குத் தொற்றும்.

அம்மாள் வந்திருப்பதாகக் கருதி வாசலில் வேப்பிலை செருகுவது நம் முன்னோர் வழக்கம். அயலாரைத் தூர நிறுத்தும் அவ்வழக்கத்தை நான் குறைகூறேன். ஆயின், யன்னலைச் சாத்துவதும், உணவைக் குறைப்பதும், வைத்தியரை நாடாதிருப்பதும் அதனோடு சேரும்போதே கேடு விளைகிறது. டெங்குக் காய்ச்சலிலும் உடலிற் சிவப்புக் காணலாம். ஆதலின் எந்நோய் என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

வீட்டிற் செய்யவேண்டியவை யாவை? பிள்ளையைக் காற்றோட்டமான அறையிற் கிடத்துங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சியும் இளநீரும் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். பிள்ளை விரும்பினால் முட்டையையும் மீனையும் விலக்கவேண்டியதில்லை. கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான துணியாற் கண்களைத் துடையுங்கள். காய்ச்சலுக்குப் பிள்ளையின் நிறைக்கேற்ப வைத்தியர் கூறிய அளவிற் பரசிற்றமோல் போதும். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வைத்தியர் கொடுக்கும் உயிர்ச்சத்து ஏ கண்பார்வையைக் காக்கும், உயிராபத்தையும் குறைக்கும்.

ஒரு வயது முதல் ஐந்து வயது வரையான பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 40 தரம் அல்லது அதற்கு மேல் மூச்சுவிட்டால், அது நிமோனியாவின் அறிகுறியாகலாம். வலிப்பு, ஓயாத உறக்கம், எதையும் குடிக்க மறுத்தல், காதிற் சீழ், தடிப்பு மங்கிய பின்னரும் விடாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நம் நாட்டிலே 9 மாதத்திலும் 3 வயதிலும் இதற்கான தடுப்பூசி இலவசமாக ஏற்றப்படுகிறது. இலங்கையிற் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் உறுதிப்படுத்தியது. அப்படியிருந்தும் 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. ஊசி தவறிய பிள்ளைகளை அது தேடிப் பிடிக்கும்.

இன்றிரவே உங்கள் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு ஊசிகளில் ஒன்று தவறியிருப்பின், தாமதியாது உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.