அன்லிமிடெட் பேக் பாதியில் சுருங்கினால்: உங்கள் உரிமை என்ன?

2024 ஜூலை 3 அன்று ஜியோ, ஏர்டெல் இரண்டும் கட்டணத்தை உயர்த்தின. அதோடு இன்னொரு மாற்றமும் வந்தது. அதுவரை ஜியோவின் ரூ.239 பேக்கிலேயே கிடைத்த அன்லிமிடெட் 5ஜி, தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் பேக்குகளுக்கு மட்டும் என்றானது. ரூ.239 பேக்கின் விலையும் ரூ.299 ஆனது. கூடுதலாகக் கொடுத்தும் குறைவாகவே பெற்றார்கள் வாடிக்கையாளர்கள்.

தினசரி அளவு தீர்ந்ததும் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடுகிறது. அந்த வேகத்தில் ஆன்லைன் வகுப்பு நடக்காது. யுபிஐ பணம் அனுப்புவதே திணறும். நெட்டை நம்பிப் பிழைக்கும் டெலிவரி ஊழியருக்கு அது நேரடி வருமான இழப்பு.

விதி என்ன சொல்கிறது?

புதிய பேக்கின் விலையை நிறுவனமே தீர்மானிக்கலாம். ஆனால் ஒரு கட்டணத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு 6 மாதத்துக்குள் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்கிறது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். ஓராண்டு செல்லும் என்று விற்ற திட்டமென்றால் அந்த ஓராண்டும் இந்தப் பாதுகாப்பு உண்டு. டேட்டா 50, 90, 100 சதவீதம் தீரும்போது தகவல் அனுப்புவதும் நிறுவனத்தின் கடமை.

இணையமே வேண்டாம் என்பவர்களுக்காக, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு அதைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே முறையிடுவது?

1. 198-ஐ அழையுங்கள். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக் குறித்துவையுங்கள்.

2. தீர்வு சரியில்லையென்றால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாட்களுக்குள் செல்லலாம். கட்டணம் இல்லை, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

3. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யலாம். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை.

4. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, சேவைக்குச் செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது என்று நிறுவனங்கள் வாதிட்டு வந்தன. விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

நிறுவனத்தையே மாற்றுவதானால், போர்ட் என்ற ஆங்கிலச் சொல்லையும் இடம்விட்டு உங்கள் எண்ணையும் 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதே எண்ணோடு வெளியேறலாம்.

எந்த முறையீட்டுக்கும் ஆதாரம் வேண்டும். ரீசார்ஜ் செய்யுமுன் பேக்கின் விவரத்தையும் நிபந்தனைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் செலுத்திய எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். நிறுவனம் அன்று என்ன சொல்லி விற்றது என்பதை நிரூபிக்க அவையே உதவும்.