பகடைக்கு நினைவில்லை, சீட்டுக்கட்டுக்கு உண்டு

மேசைமேல் ஓர் இருண்ட நிலவறையின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. அதன் அறைகளில் எலும்புக்கூடுகளும் கொள்ளையர்களும் காத்திருக்கிறார்கள். சுற்றி அமர்ந்திருக்கும் நான்கு பேரும் ஒரே அணி. ஒருவரையொருவர் தோற்கடிப்பது இங்கே நோக்கமில்லை. நால்வரும் சேர்ந்து வெல்வார்கள். அல்லது சேர்ந்தே தோற்பார்கள். இதுதான் கூட்டு நிலவறை விளையாட்டு.

இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி, 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1989இல் வந்த ‘ஹீரோகுவெஸ்ட்’ பலகை விளையாட்டில் ஒருவர் அரக்கர்களின் பக்கம் நின்று மற்றவர்களை எதிர்த்து ஆட வேண்டியிருந்தது. 2010இல் வெளியான ‘காசல் ரேவன்லாஃப்ட்’டில் அந்த ஆளும் தேவையில்லை. அரக்கன் எங்கே நகர்வான், யாரைத் தாக்குவான் என்பதைச் சீட்டில் அச்சிட்ட விதிகளே முடிவு செய்கின்றன. “அருகில் வீரர் இருந்தால் தாக்கு, இல்லையென்றால் நகர்” என்ற பாணியில் அவை இருக்கும். கணினி நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த வடிவம்தான்.

பகடை இல்லாத போர்

2017இல் வெளிவந்த ‘குளூம்ஹேவன்’ இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. அதை வடிவமைத்த ஐசக் சில்ட்ரெஸ் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒருவர் முதல் நால்வர் வரை இதை ஆடலாம். இதில் பகடையே கிடையாது. தாக்குதல் எவ்வளவு பலிக்கும் என்பதை ஒவ்வொரு வீரருக்கும் உரிய 20 சீட்டுகள் கொண்ட கட்டு சொல்கிறது. தொடக்கத்தில் அந்தக் கட்டில் இருப்பவை இவை:

மாற்றம் இல்லை (0): 6 சீட்டுகள்
+1: 5 சீட்டுகள்
−1: 5 சீட்டுகள்
+2: 1 சீட்டு
−2: 1 சீட்டு
இரட்டிப்பு: 1 சீட்டு
தவறியது: 1 சீட்டு

உங்கள் தாக்குதலின் வலிமை 3 என்று வைத்துக்கொள்வோம். +1 சீட்டு வந்தால் எதிரிக்கு 4 புள்ளி சேதம். இரட்டிப்பு வந்தால் 6. ‘தவறியது’ வந்தால் ஒன்றுமே இல்லை. இருபது சீட்டுகளின் பலன்களையும் கூட்டினால் 60 வரும். 20ஆல் வகுத்தால் சராசரி சரியாக 3. கூட்டும் சீட்டும் கழிக்கும் சீட்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும்படி கட்டு அமைக்கப்பட்டிருக்கிறது.

“இந்த முறை கட்டாயம் வரும்!”

இருபது முகம் கொண்ட பகடையை உருட்டினாலும் இதே கணக்குத்தானே வரும் என்று நீங்கள் கேட்கலாம். முதல் தடவைக்கு அது சரி. அதன் பிறகுதான் வேறுபாடு தொடங்குகிறது.

தாயம் ஆடும்போதும் பாம்பும் ஏணியும் ஆடும்போதும் ஒரு குரல் கேட்கும்: “அஞ்சு தடவை உருட்டியும் ஆறு விழவில்லை, இந்தத் தடவை கட்டாயம் விழும்!” ஆனால் முன்பு என்ன விழுந்தது என்று பகடைக்குத் தெரியாது. ஆறு முகப் பகடையில் ஆறு விழும் நிகழ்தகவு ஒவ்வொரு முறையும் 1/6தான். இவற்றைச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்கிறோம்.

சீட்டுக்கட்டு அப்படியல்ல. எடுத்த சீட்டு வெளியே போய்விடுகிறது, மீதி குறைகிறது. முதல் சீட்டு ‘தவறியது’ஆக இருக்கும் நிகழ்தகவு 1/20. அது வராமலே 10 சீட்டுகள் போய்விட்டால், அடுத்த சீட்டுக்கு அந்த நிகழ்தகவு 1/10 ஆகிவிடுகிறது. இவை சார்புள்ள நிகழ்ச்சிகள்.

‘இரட்டிப்பு’ அல்லது ‘தவறியது’ வந்துவிட்டால், அந்தச் சுற்றின் முடிவில் எல்லாச் சீட்டுகளையும் சேர்த்துக் கலைக்க வேண்டும். அப்போது கட்டின் நினைவு அழிந்து, கணக்கு மீண்டும் 1/20இல் தொடங்குகிறது.

ஒரு நண்பரின் உயிர்

உங்கள் தோழிக்கு மீதம் 1 உயிர்ப்புள்ளி. அவர் எதிரே நிற்கும் கொள்ளையனுக்கு 2 புள்ளி. உங்கள் தாக்குதல் வலிமை 3. தாக்குவதா, தோழியைப் பின்வாங்கச் சொல்வதா?

−2 சீட்டும் ‘தவறியது’ சீட்டும் மட்டுமே உங்களைக் கைவிடும். புதிதாகக் கலைத்த கட்டில் தோல்விக்கான வாய்ப்பு 2/20, அதாவது 10%. ஆனால் 10 சீட்டுகள் வெளியேறி, அந்த இரண்டும் இன்னும் உள்ளேயே இருந்தால் 2/10, அதாவது 20%. ஆபத்து இரண்டு மடங்காகிவிட்டது. வெளியே கிடக்கும் சீட்டுகளைப் பார்த்து எண்ணியவருக்குத்தான் இது தெரியும்.

இங்கே இன்னொரு விதி குறுக்கிடுகிறது. கையிலுள்ள செயல் சீட்டுகளின் பெயரையும் எண்ணையும் மற்றவர்களிடம் சொல்லக்கூடாது. “நான் சீக்கிரமே தாக்கிவிடுவேன்” என்று பொதுவாகச் சொல்லலாம். எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னால், கெட்டிக்காரர் ஒருவரே நால்வருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிடுவார். ஆய்வுக்கூடத்தில் குழுவாகச் சோதனை செய்யும்போது ஒருவர் மட்டும் கருவிகளைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோலத்தான்.

மேசைக்கு வெளியே

இந்த வேறுபாடு விளையாட்டோடு நிற்பதில்லை. நம் ஊரில் நான்கு இலக்க எண் குலுக்கலில் பணம் கட்டும் சிலர், “இந்த எண் ரொம்ப நாளாக வரவில்லை, இனி வந்தே தீரும்” என்று ஒரே எண்ணைத் துரத்துகிறார்கள். குலுக்கலோ ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. 0000 முதல் 9999 வரை எந்த எண்ணுக்கும் முதல் பரிசு விழும் நிகழ்தகவு, நேற்றும் இன்றும் 1/10,000தான். பகடையைச் சீட்டுக்கட்டு என்று நினைத்துக்கொள்வதால் குடும்பப் பணம் கரைகிறது.

செய்து பாருங்கள்

ஒரே அளவில் 20 காகிதத் துண்டுகள் வெட்டி, மேலே உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள். குளூம்ஹேவனில் வீரர் முன்னேறும்போது தம் கட்டைத் திருத்திக்கொள்ளலாம். இரண்டு −1 சீட்டுகளை நீக்கினால், வலிமை 3 உள்ள தாக்குதலின் சராசரி 56/18, ஏறத்தாழ 3.11 ஆக உயரும். மாறாக, நான்கு 0 சீட்டுகளை நீக்கினால் சராசரி 48/16, அதே 3தான். ஆனால் ‘தவறியது’ வரும் வாய்ப்பு 5%இலிருந்து 6.25% ஆகிறது, ‘இரட்டிப்பு’க்கும் அப்படியே. சராசரி மாறாமல் பரவல் மட்டும் கூடுகிறது.

இரண்டு கட்டுகளையும் ஐம்பது ஐம்பது முறை எடுத்துப் பார்த்து, முடிவுகளைப் பட்டை வரைபடமாக வரையுங்கள். தோழியின் உயிர் ஊசலாடும்போது உங்கள் கையில் எந்தக் கட்டு இருக்க வேண்டும்? காரணத்தோடு வகுப்பில் விவாதியுங்கள்.