வெங்காய வலையும் மூடிய வாசல்களும்

பூதிகோட்டை என்றதும் ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்வார்கள். தங்கவயல்காரர்களாகிய நமக்கு அது பங்காருபேட்டை பக்கத்துப் பழைய கோட்டை ஊர். கோட்டை என்றால் வாசல் உண்டு, வாசலென்றால் காவல் உண்டு. முகம் காட்டாமல் வருகிறவனைக் காவல்காரன் என்ன செய்வான்? இன்று இணையதளங்களுக்கு முன்னால் நிற்கிற கேள்வி இதுவே. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிய பிறகு, மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைப் பேச இடமுண்டு.

நாம் ஒரு இணையதளத்தைத் திறந்தால், நம் இணைப்பின் எண் அதற்குத் தெரிந்துவிடும். அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். கடிதத்தின் பின்பக்கம் எழுதுகிற அனுப்புநர் விலாசம் மாதிரி. இதை மறைக்க வந்ததுதான் 'டோர்' வலை. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990-களில் பிறந்த யோசனை. 2006-லிருந்து லாப நோக்கமற்ற அமைப்பொன்று நடத்துகிறது. கடிதத்தை ஓர் உறையில் போட்டு, அதை இன்னொரு உறையில், அதையும் மூன்றாவது உறையில் போட்டு அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் மூன்று தன்னார்வலர் கணினிகள் ஆளுக்கொரு உறையைப் பிரிக்கும். முதல் கணினிக்கு அனுப்பியவரைத் தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசிக் கணினிக்குப் போகுமிடம் தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. தோல் உரிப்பதுபோல் இருப்பதால் வெங்காயம் என்று பெயர் வைத்தார்கள். (பெரியார் வாயில் அடிக்கடி வந்த வெங்காயம் வேறு!)

இணையதளத்தின் கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கணினியின் முகவரி மட்டும். அந்தக் கணினிகளின் பட்டியலை டோர் அமைப்பே பகிரங்கமாக வெளியிடுகிறது. ஆகவே தடுப்பது மிகச் சுலபம். பட்டியலை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான்.

தடுக்கிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. குப்பை விளம்பரம் கொட்டுவது, திருடிய கடவுச்சொற்களைப் போட்டுப் பார்ப்பது, கட்டுரைகளில் ஆபாசம் எழுதுவது எல்லாம் இந்த வழியாகவும் வருகின்றன. லட்சக்கணக்கான தளங்களுக்குக் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், டோர் வழியாகத் தன்னிடம் வரும் கோரிக்கைகளில் 94 சதவீதம் தீயவை என்று 2016-இல் சொன்னது. எப்படி எண்ணினீர்கள் என்று டோர் அமைப்பு திருப்பிக் கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆயிரம் பேர் ஒரே வாசல் வழியாக வரும்போது ஒருவன் தானியங்கி நிரல் வைத்து ஓயாமல் தட்டினால், கணக்கில் அந்த வாசலே கெட்ட வாசலாகிவிடும்.

விக்கிப்பீடியாவைப் பாருங்கள். டோர் வழியாக யாரும் படிக்கலாம், தனி அனுமதி இல்லாமல் திருத்த முடியாது. ஆனாலும் 2007 முதல் 2018 வரை, தடைக்குத் தப்பி 11,363 திருத்தங்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் நுழைந்திருந்தன. ஆய்வாளர்கள் அவற்றை எடுத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்ட முடிவு: தரத்தில் இவை, கணக்குத் தொடங்காதவர்களும் புதியவர்களும் செய்யும் திருத்தங்களை ஏறத்தாழ ஒத்திருந்தன.

"நாங்கள் டோரெல்லாம் வைத்துக்கொள்வதில்லையே, எங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். கத்தாரில் இருக்கும் உறவினர்களைக் கேளுங்கள். 2007 புத்தாண்டையொட்டி ஒரு குறும்புக்காரனுக்காக விக்கிப்பீடியா ஒரு முகவரியைத் தடுத்தது. அந்த நாட்டின் இணையப் போக்குவரத்து கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒற்றை முகவரி வழியாகவே போய்க்கொண்டிருந்தது! சில மணி நேரத்தில் தடை நீங்கியது. நம்ம கைபேசிகளும் இன்று அப்படித்தான். பழைய முறை முகவரிகள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான். ஆகவே கம்பெனிகள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கு போடுகின்றன. யாரோ செய்த வம்புக்கு, 'நீ மனிதன்தானா?' என்று உங்களிடம் போக்குவரத்து விளக்குப் படங்களைப் பொறுக்கச் சொல்வது பல சமயம் இதனால்தான்.

மறைந்து வருகிறவனெல்லாம் திருடன் என்றும் சொல்லிவிட முடியாது. 2007 ஜூன் மாதம் இலங்கையில் தமிழ்நெட் செய்தித்தளம் முடக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் இருந்து படிக்கவும் எழுதவும் விரும்புகிறவருக்குச் சுற்றுவழிதான் கதி. அடிக்கிற கணவனுக்குத் தெரியாமல் உதவி தேடும் பெண்ணுக்கும் அப்படியே. ஆள் அடையாளம் கேட்பது எவ்வளவு சுடும் என்பது தங்கவயலுக்குப் புதிதல்ல. 1930-இல் இங்கே நடந்த பெரிய வேலைநிறுத்தம், தொழிலாளரின் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் புதிய முறையை எதிர்த்து எழுந்தது.

நடுவழி ஏதாவது உண்டா? உண்டு. 1980-களில் டேவிட் சாம் என்ற கணினி அறிஞர் 'கண்மூடிக் கையெழுத்து' என்ற உத்தியைச் சொன்னார். சீட்டைக் கார்பன் தாளோடு உறைக்குள் வைத்து நீட்டுகிறீர்கள். அதிகாரி உறைமேல் கையெழுத்திடுகிறார். அது உள்ளிருக்கும் சீட்டில் பதிகிறது. பிறகு அந்தச் சீட்டை வாசலில் கொடுத்தால், செல்லுபடியான சீட்டு என்பது தெரியும், யாருக்குத் தந்தது என்பது தெரியாது. 2017-இல் வந்த 'பிரைவசி பாஸ்' இதே வகையைச் சேர்ந்தது: ஒருமுறை படம் பொறுக்கினால் பல சீட்டு கிடைக்கும். வம்பு செய்கிறவனுக்கும் சீட்டு தீர்ந்துபோகும், மறுபடி உழைத்தாக வேண்டும். டோர் அமைப்பும் 2023-இல் தன் வலைக்குள்ளேயே இருக்கும் தளங்களுக்கு ஒரு தற்காப்பு கொண்டுவந்தது. கூட்டம் நெரிசலானால், வருகிறவரின் கணினி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும். கூடுதலாகப் பாடுபட்டவருக்கு முன்வரிசை. ஆள் யாரென்று கேட்பதில்லை. பழைய போன் வைத்திருப்பவர் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும்.